பரீட்சைப் பக்கம்

கவரைப்பேட்டை
மார்ச் 9

அன்புள்ள ஜபீன் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிப்பதற்கு முன்னால் உன் காலைப் பிடித்து ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. பெரியம்மாவுக்குக்கூட வேண்டாம். உன் தாஹா அண்ணன் கண்ணில் பட்டால் என் கதை முடிந்தது. படித்ததும் எரித்துவிடு.

இப்போது சொல், உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? இங்கே அத்தாவும் அம்மாவும் நலம். நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை.

உன் போனை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். எங்கள் வீட்டுப் போனை அத்தா தினமும் படுப்பதற்கு முன் புரட்டிப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம். பழவேற்காட்டிலிருந்து நண்டுக் கூடையோடு இங்கே வந்து போகும் ஜானகியம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "காயிதம்தானே, குட்த்துட்றேன். நண்டு கடிச்சி ஓட்டை போட்ச்சின்னா என்னைக் கேக்காத" என்றாள்.

கடையின் சரக்கு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுற்றிலும் கம்பெனி ஆட்கள் வாங்கும் கையுறைகள், பூட்ஸ் பெட்டிகள். ரப்பர் வாடையில் தலை வலிக்கிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

அக்கா, நீ எடுத்த மாலை வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன்.

தாஹா அண்ணன் உன்னைக் கையோடு அழைத்துப் போன மறுநாளே அத்தா என்னைக் கூப்பிட்டார். "அந்த மாடிப்படியில நீ கால் வச்சதா என் காதுல விழட்டும், அன்னையோட பள்ளிக்கூடம் நின்னுடும். உன்னையும் பழவேற்காட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன், ஒரே செலவுல ரெண்டு கல்யாணம்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டிய கழுத்து வலிக்கும் முன்பே மீறிவிட்டேன். சந்திரமோகன் அண்ணன் தன் பஞ்சர் கடை வாசலில் என்னை நிறுத்தி, "ஜபீன் பாப்பா உங்க ஊட்ல தங்கி காலேஜுக்கும் போயிக்கினு, ஒரு பைசா வாங்காம இந்தப் பசங்களுக்குப் பாடம் எட்த்துச்சி. பத்தாவதுல கோட்டு அடிச்ச எத்தினி பசங்க பாஸாச்சி! இப்போ கடை மாடியில பூட்டு தொங்குது. நீயாவது வாயேம்மா" என்றார். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் டைப்ரைட்டிங் போவதாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே சேர்ந்தும் இருக்கிறேன். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு மாடிக்கு ஓடுகிறேன்.

உன் காலத்தில் அறை நிறைய இருந்தார்கள். இப்போது ஆறேழு பேர்தான். எல்லோரும் பகலில் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அன்புசெல்வன் சார் கணக்கு எடுக்கும்போது மட்டும் இன்னும் இரண்டு பேர் சேர்கிறார்கள். மற்ற நாட்களில் நான் தனி.

மோனிகாதான் என் பெரிய கவலை. எல்லாப் பாடத்திலும் பாஸாகி, தமிழில் மட்டும் தோற்றவள். ஜூலையில் மறுதேர்வு எழுதப்போகிறாள். பாஸானால் பிளஸ் ஒன் சேர்த்துவிடுவதாக அவள் நைனா வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்த முறையும் போய்விட்டால் ஆயுசுக்கும் கம்பெனி வேன்தான். அவள் பேசுவதை அப்படியே எழுதுகிறாள் அக்கா. "ஊட்டுக்குப் போயிக்கினு இருந்தேன்" என்று கட்டுரை எழுதுகிறாள். தப்பு என்றேன். பேனாவை மூடிவிட்டாள். அதற்குப்பிறகு வாயையும் திறக்கவில்லை.

நான் என்ன செய்ய? நீ எப்போது வருவாய்?

பயத்துடன்,
சிஃபா

•

பழவேற்காடு
மார்ச் 19

என் தங்கம் சிஃபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இங்கே எனக்கு வேறு வேலை என்ன? அத்தாவும் அம்மாவும் நலம். உன் கடிதத்தில் நண்டு வாடை. அதை முகர்ந்துகொண்டே இரண்டு முறை படித்தேன், பிறகு எரித்தேன்.

கழுதை, நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று நீ ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லையா? தப்பு என்று சொல்லாதே. அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பேசும் பேச்சு அது. அவர்கள் அம்மா தாலாட்டியதும் அதில்தான். அதைத் தப்பு என்றால் வாயை மூடாமல் என்ன செய்வார்கள்?

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போடு. இடது பக்கம் நம்ம பக்கம். வலது பக்கம் பரீட்சைப் பக்கம். இடது பக்கம் அவர்கள் சொல்வதை அப்படியே எழுது. ஊடு. வந்துக்கினு. அத்த. இத்த. சிரிக்கட்டும். அப்புறம் அவர்களையே கூப்பிட்டு வலது பக்கம் எழுதச் சொல். வீடு. வந்துகொண்டு. அதை. இதை. ஒன்று சரி, ஒன்று தப்பு இல்லை. லுங்கியும் பேன்ட்டும் மாதிரி. பரீட்சைக்கு லுங்கி கட்டிக்கொண்டு போகமாட்டோம், அவ்வளவுதான்.

பொறுமையாக இரு. நேற்று சொன்னது இன்று மறந்திருக்கும். உனக்கு அழுகை வரும். மாடியில் அழாதே, சந்திரமோகன் அண்ணன் பயந்துவிடுவார்.

கணக்கு வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா?

உன்,
ஜபீன்

•

கவரைப்பேட்டை
ஏப்ரல் 4

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன். நான் எப்போது வருவாய் என்று கேட்டிருந்தேன். பதில் எழுத மறந்துவிட்டாய்.

கோடு போட்டேன். முதல் நாள் பெரிய கூத்து. தானியேலை உனக்கு ஞாபகம் இருக்கும், உருக்குக் கம்பெனியில் சுமை ஏற்றுபவன். என்னைவிட ஒரு வயதுதான் சின்னவன், அதனால் டீச்சர் என்று கூப்பிட மாட்டான். "நீயே பிளஸ் ஒன்னு. நீ எனக்கு இன்னாத்துக்கு டீச்சரு?" என்பான். அவனும் எழுந்து வந்து இடது பக்கம் முழுக்க எழுதித் தள்ளினான். அழிக்க மனசு வரவில்லை.

போன வாரம் மனப்பாடச் செய்யுளில் 'இன்னா' என்ற சொல் வந்தது. துன்பம் என்று பொருள் சொன்னேன். தானியேல் எழுந்துவிட்டான்.

"இன்னாக்கா சொல்றே? இன்னான்னா துன்பமா?"

"ஆமாம்."

"அப்போ இன்னாவுக்கு இன்னா?"

"என்ன?"

"அத்தத்தான் நானும் கேக்கறேன். இன்னா?"

அறையே சிரித்தது. கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சந்திரமோகன் அண்ணன், "இன்னாம்மா அங்க?" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான், அடக்கவே முடியவில்லை. நானும் சிரித்தேன் அக்கா. நீ போனபிறகு முதல் தடவை.

மோனிகா மட்டும் சிரிக்கவில்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் அந்த ஒரே சொல்லை எழுதிவிட்டுத் திரும்பி, "சாங்காலம் நைனா ஊட்டுக்கு வந்தா அம்மா 'இன்னா?'ன்னு கேக்கும். நைனா பதிலே சொல்லாது. ரெண்டும் ஒண்ணுதான் போலக்கீது டீச்சரக்கா" என்றாள். 

ஆனால் இந்த ஒரு நாளைத்தான் நல்லதாகச் சொல்ல முடியும். நேற்று அதே பாடத்தைக் கேட்டேன். ஒருவருக்கும் நினைவில்லை. தானியேல் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். எழுப்பப் போனால் கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது, எழுப்பாமல் விட்டுவிட்டேன். இரண்டு பேர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தகரக் கூரையின் சூட்டில் நின்று, வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்து, யாருக்காக இதைச் செய்கிறேன் என்று தெரியவில்லை.

ஜானகியம்மாள் ஒன்று சொன்னாள். முன்பெல்லாம் நீ வாசலுக்கு வந்து நண்டு பொறுக்குவாயாம். இப்போது ஜன்னல் வழியாகத்தான் கடிதத்தை வாங்குகிறாயாம். ஏன் அக்கா?

சிஃபா

•

பழவேற்காடு
ஏப்ரல் 22

சிஃபாவுக்கு,

ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது. கொஞ்சம் காய்ச்சல், வேறொன்றுமில்லை. வெயிலுக்கு ஜன்னல் பக்கம்தான் காற்று வருகிறது, அதனால் அங்கே உட்காருகிறேன். ஜானகியம்மாள் நண்டை மட்டும் விற்றால் போதும் என்று சொல்.

இன்னா கதையைப் படித்துத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மோனிகா புத்திசாலி. அவளுக்குப் பலகை போதாது. பரீட்சைப் பக்கம் அவள் வாயில் வர வேண்டும், அப்போதுதான் கையில் வரும். விளையாட்டுப் போல் செய். நீ வங்கி மேலாளர், அவள் கணக்குத் தொடங்க வருகிறாள். நீ தாசில்தார், அவள் மனு கொடுக்க வருகிறாள். பெரிய மனிதர்கள் யார் கேட்டாலும் பரீட்சைப் பக்கத்திலேயே முழு வாக்கியமாகப் பதில் சொல்லப் பழக்கு. கூச்சம் போய்விடும்.

அழுதாயா? அழுதிருப்பாய். நானும் அந்த மாடியில் அழுதிருக்கிறேன். ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பெண் பரீட்சையன்று வராமலே போனாள். அதற்கடுத்த வாரம் நான் மறுபடி கோடு போட்டேன்.

கணக்கு வகுப்பு நடக்கிறதா? போன கடிதத்தில் எழுதவில்லையே.

ஜபீன்

•

கவரைப்பேட்டை
மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். காய்ச்சல் விட்டதா? பெரியம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே அத்தாவுக்கு வியாபாரம் பரவாயில்லை. அம்மா சுகம்.

வகுப்பில் இப்போது மோனிகா மட்டும்தான். தானியேல் போய்விட்டான். கப்பல் உடைக்கும் வேலையாம், குஜராத்தாம். சொல்லிக்கொள்ள வந்தவன் படியிலேயே நின்று, "நீ நல்லாத்தான் சொல்லிக் குட்த்தே டீச்சர். எனக்குத்தான் தூக்கம் வந்துடுச்சி" என்றான். போகும்போதுதான் டீச்சர் என்று கூப்பிட்டான். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மோனிகாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் அவள் மூடியின் பிசிறு அறுக்கிறாள். வயது பதினாறு. பதினெட்டு ஆகாதவர்களை அந்த இயந்திரத்தில் வைக்கக் கூடாதாம். அதனால் ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஜெயராஜ், அவள் அக்காவின் பெயரிலும் வயதிலும் சேர்த்துவிட்டிருக்கிறார். வேனில் ஏறியதும் எல்லாப் பெண்களுக்கும் பாடம் நடத்துவாராம். "எவனா வந்து கேட்டா இன்னா பேரு? இன்னா வயசு? சொல்லு பாப்போம்." அவரும் ஒருவகையில் வாத்தியார்தான்.

நீ சொன்ன விளையாட்டு நன்றாக நடக்கிறது. நான் தாசில்தாராக நாற்காலியில் உட்காருவேன். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்து, "ஐயா, என் பெயர் மோனிகா. எங்கள் தெருவுக்குக் குடிநீர் வருவதில்லை" என்பாள். முதலில் வாய் கோணி வந்தது. இப்போது தண்ணீராக வருகிறது. நேற்று 'எங்கள் ஊர் ஏரி' என்று ஒரு பக்கம் எழுதினாள். ஒரு பிழை இல்லை. "ஏரியின் கரையில் இப்போது கிடங்குகள் உள்ளன. மழைக்காலத்தில் ஏரி தன் இடத்தைத் தேடி வருகிறது" என்று எழுதியிருந்தாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை அக்கா. எனக்கே இப்படி எழுத வராது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா டீச்சரக்கா, தப்பா?" என்றாள்.

இவ்வளவு நாள் பட்டதெல்லாம் அந்த ஒரு பக்கத்துக்காக என்றால் எனக்குச் சம்மதம்.

இன்னொன்று. ஒவ்வொரு கடிதத்திலும் கணக்கு வகுப்பைக் கேட்கிறாய். மோனிகா கணக்கில் எப்போதோ பாஸாகிவிட்டாள் என்பது உனக்கே தெரியும். நீ கேட்டது கணக்கை இல்லை என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. புரிந்தபின் எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இந்தத் தாமதம். அன்புசெல்வன் சார் ஏப்ரல் முதல் வாரத்திலேயே போய்விட்டார். ஓசூரில் வேலையாம். கடைசி நாளன்று பலகையைத் துடைத்துவிட்டு, "உங்க அக்கா சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார். சௌக்கியம் என்றேன்.  நீ எங்கே இருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை.

என்னை மன்னித்துவிடு.

சிஃபா

•

பழவேற்காடு
ஜூன் 3

சிஃபாவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம்.

ஏரியைப் பற்றி அவள் எழுதியதை நானும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

மோனிகாவை விடாதே. என்ன நடந்தாலும் அவளைப் பரீட்சை அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடு. ஒருத்தியாவது போகட்டும்.

ஜபீன்

•

கவரைப்பேட்டை
ஜூன் 15

அக்கா,

ஸலாம். நலம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை. பெரிய தவறு நடந்துவிட்டது. நீயும் நானும் சேர்ந்து செய்த தவறு.

போன புதன்கிழமை மோனிகாவின் கம்பெனிக்கு ஆய்வுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்களாம். வரிசையாக நிற்கவைத்து விசாரித்தார்களாம். மற்ற பெண்கள் எல்லோரும் ஜெயராஜ் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்திருக்கிறார்கள். அந்த அம்மா மோனிகாவிடம் வந்து, "உங்கள் பெயர் என்ன? வயது என்ன?" என்று நிதானமாகக் கேட்டிருக்கிறார்கள். பரீட்சைப் பக்கத்தில் கேட்டுவிட்டார்கள் அக்கா. இவள் நிமிர்ந்து நின்று, "என் பெயர் மோனிகா. எனக்குப் பதினாறு வயது நிறைவடைந்துள்ளது. நான் ஓராண்டாக இங்குப் பணிபுரிந்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டாள். முழு வாக்கியமாக. ஒரு பிழை இல்லாமல்.

அன்று மாலை படியேறி வந்தவள் முகத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவள் அம்மா கெங்கம்மாள் அடித்தது. "ஏண்டி, ஜெயராஜ் சொன்னதைச் சொல்றதுக்கு என்ன?" என்று நானே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன் டீச்சரக்கா. அந்தப் பொய்யி நம்ம பக்கத்துல தான் எனக்குத் தெரியும். பரீட்சைப் பக்கத்துல அத்த எப்டி சொல்றதுன்னு நீ சொல்லித் தர்லியே."

கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. வயது குறைந்த பெண்கள் எல்லோரையும் அன்றே அனுப்பிவிட்டார்கள். ஆள்மாறாட்டம் என்று மோனிகாவின் அக்காவுக்கும் இனி அங்கே இடமில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேர் வேலை போனது. கெங்கம்மாள் பஞ்சர் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "எம் பொண்ணு ஊமை மாதிரி இருந்துச்சி, சோறு துன்னுகினு இருந்தோம். எந்தப் புண்ணியவதி இதுக்கு வாயைக் குட்த்தா?" என்று கத்தினாள். நான் மாடியில் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இறங்கிப் போய் நான்தான் என்று சொல்லக் கால் வரவில்லை.

அதோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜெயராஜ் எங்கள் கடைக்கு வந்தார். அவர் ஆட்களுக்குக் கையுறை, பூட்ஸ் எல்லாம் அத்தாவிடம்தான் வாங்குகிறார். நான் அலமாரிக்குப் பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாய், எப்டி கீறீங்க?"

"அல்லாஹ் புண்ணியத்துல. என்ன, முகம் வாடியிருக்கு?"

"பேஜாரு பாய். கேட் பக்கத்து பஞ்சர் கடை மாடியில ஒரு பொண்ணு ஓசியில கிளாஸ் எடுக்குதாம். பசங்களுக்கு அரசாங்கத் தமிழு கத்துக் குட்த்துகீது. என் பொழப்புல மண்ணு. துலுக்கப் பொண்ணுன்னு சொல்றானுங்க. உங்க ஊட்டுப் பொண்ணு ஒண்ணு முன்ன எட்த்துக்கினு இருந்துச்சே?"

"அது போயி நாலு மாசமாச்சு. எங்க வீட்டுப் பொண்ணுங்க இப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல" என்றார் அத்தா. குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

ஜெயராஜ் போய்விட்டார். அத்தா என் பக்கம் திரும்பாமல், "டைப்ரைட்டிங் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றார். "லோயர் பரீட்சைக்குக் கட்டணும் அத்தா" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். அவர் அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

சந்திரமோகன் அண்ணன் மாடியைப் பூட்டிவிட்டார். "எனக்கும் கொய்ந்தைங்க கீதும்மா" என்றார். அவர்மேல் கோபம் இல்லை.

நாம் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு வேலையாவது மிஞ்சியிருக்கும். இதற்கு என்ன பதில் அக்கா? நீ பெரியவள், நீ சொல்.

சிஃபா

•

பழவேற்காடு
ஜூன் 21

அன்புத் தங்கை சிஃபாவுக்கு ஜபீன் வரைந்துகொள்வது.

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். எனக்கு நல்ல இடத்தில் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன். பெரியோர் சொல் கேட்டு நடப்பதே பெண்களுக்கு நன்மை பயக்கும். தாங்களும் மாலை வகுப்பைக் கைவிட்டுக் குடும்பத்திற்கு நற்பெயர் தேடித் தர வேண்டும். இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஜபீன்

•

கவரைப்பேட்டை
ஜூன் 24

அக்கா,

ஸலாம். நீ உயிரோடு நன்றாக இருக்க வேண்டும். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

நீ என்னைத் தாங்கள் என்று எழுதியிருக்கிறாய். கழுதை என்று எழுதும் கை. உன் பக்கத்தில் யார் நின்றுகொண்டிருந்தார்கள்?

பரீட்சைப் பக்கத்தில் பொய் வராது என்று மோனிகா நினைக்கிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை.

ஜானகியம்மாள் சொன்னாள், இதை ஜன்னலில் நீ கொடுக்கவில்லையாம். வாசலில் நின்று தாஹா அண்ணன்தான் கொடுத்தாராம். "அந்த அண்ணாத்தே என்னை மொறைச்சிப் பாத்துச்சிம்மா. எனக்கு வேணாம் இந்த வம்பு" என்கிறாள். கெஞ்சி, கடைசித் தடவை என்று சொல்லி இதைக் கொடுத்திருக்கிறேன். என் பழைய கடிதங்களை எரித்தாய்தானே? எல்லாவற்றையும்தானே? ஜூன் மாதத்துக் கடிதத்தை ஜன்னலில் நீண்ட ஒரு கையில் வைத்ததாக ஜானகியம்மாள் சொல்கிறாள், முகம் பார்க்கவில்லையாம். அது உன் கைக்கு வந்ததா, வரவில்லையா? அது ஒன்றை மட்டும் எப்படியாவது சொல்லியனுப்பு.

வகுப்பு நிற்கவில்லை. மாடிதான் இல்லை. மோனிகாவும் நானும் டைப்ரைட்டிங் கட்டடத்தின் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டே படிக்கிறோம். பரீட்சைக்கான ஹால் டிக்கெட்டை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். வீட்டில் இருந்தால் அவள் அம்மா அடுப்பில் போட்டுவிடுவாளாம்.

வாசல்வரை கொண்டுபோய் விடச் சொன்னாய். விடுவேன்.

சிஃபா

•

கவரைப்பேட்டை
ஜூலை 3

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை எப்படி அனுப்புவேன் என்று தெரியவில்லை. போன கடிதம் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. உங்கள் வீட்டு வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். "பொண்ணு மாப்ள ஊட்டுக்குப் போயிட்ச்சாம்மா. எந்த ஊருன்னு கேட்டா யாரும் சொல்லல" என்று ஜானகியம்மாள் சொன்னாள். கடிதத்தை மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்து, என் கையை மூடிவிட்டுப் போனாள். எங்கள் வீட்டுக்கு அழைப்புகூட வரவில்லை. அல்லது வந்து, அத்தா சொல்லவில்லை.

நீ எங்கே இருந்தாலும் சுகமாக இரு. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

நாளைக் காலை தமிழ்ப் பரீட்சை. பொன்னேரியில்.

போன வாரம் கெங்கம்மாள் மோனிகாவைத் தடா பக்கம் அவள் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். ஆந்திராவில் வேறொரு கம்பெனியில், வேறொரு பெயரில் சேர்த்துவிடப்போகிறார்களாம். "அங்க எல்லாம் தெலுங்குலதான் கேப்பாங்க, உங்க தமிழு வாத்தியாரம்மா பருப்பு வேவாது" என்று சந்திரமோகன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்று மத்தியானம் பஞ்சர் கடைக்கு ஒரு போன் வந்தது. யாருடைய போனிலிருந்தோ மோனிகா பேசியிருக்கிறாள். சூலூர்பேட்டையிலிருந்து கடைசி வண்டியில் ஏறிவிடுவாளாம். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தெருக்கதவைத் தட்டுவாளாம். நான் திறந்து அவளை உள்ளே விட வேண்டும், விடிந்ததும் பரீட்சைக்கு அழைத்துப் போக வேண்டும். "டீச்சரக்கா தொறக்கும்னு சொல்லு" என்றாளாம். சந்திரமோகன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னார். அவருக்கும் தெரியும், கதவைத் திறந்தால் எனக்கு என்ன ஆகும் என்று. திறந்தால் அத்தாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். என் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அப்புறம் எனக்கும் ஏதோ ஒரு ஊரில், பெயர் சொல்லாத ஒரு ஊரில், ஒரு பந்தல்.

திறக்காவிட்டால் அவள் இந்த இருட்டில் தெருவில் நிற்பாள்.

சாயங்காலம் முதல் மாற்றி மாற்றி யோசித்துவிட்டேன். இப்போது முடிவு செய்துவிட்டேன். திறப்பேன். நான் தைரியசாலி இல்லை அக்கா. நீயே பார், எழுத்து எப்படிக் கோணிப் போகிறது என்று. ஆனால் அவள் கேட்டது வேறு யாரிடமும் இல்லை. அவளுக்கு வாயைக் கொடுத்தது நாம். அந்த வாயால் என்னைக் கூப்பிடும்போது நான் எப்படித் தூங்குவது போல் படுத்துக்கொள்வேன்?

இன்னும் ஒன்று. இரவுச் சாப்பாட்டின்போது அத்தாவுக்கு ஒரு போன் வந்தது. "சொல்லு தாஹா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவாமல் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். நெடுநேரம் பேசினார். கீழே வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். அம்மா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். படுக்கப் போகும்போது தெருக்கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஒருநாளும் அவர் அப்படிப் பூட்டியதில்லை. தாழ்ப்பாள் மட்டும்தான் போடுவார்.

என் கடிதங்களைத் தாஹா அண்ணன் படித்துவிட்டாரா? உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ எரித்திருப்பாய். உனக்கு வந்து சேராததை நீ எப்படி எரிக்க முடியும்?

சாவி அத்தாவின் சட்டைப் பையில் இருக்கும். சட்டை ஆணியில் தொங்கும். அவர் நன்றாகத் தூங்கியதும் போய் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் சரக்கு அறையில் காத்திருக்கிறேன். கதவைச் சாத்தி, ஒரு பூட்ஸ் பெட்டியை அணை கொடுத்திருக்கிறேன். ஹால் டிக்கெட் என் மடியில் இருக்கிறது. அவளுக்கு இரண்டு பேனா வாங்கி வைத்திருக்கிறேன். பசியோடு வருவாள், இரண்டு சப்பாத்தியும் சுருட்டி வைத்திருக்கிறேன். நாளை அவள் எழுதிவிட்டு வெளியே வரும்போது

வண்டிச் சத்தம் கேட்கிறது. கடைசி வண்டிதான். நின்று, கிளம்பிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தால் கொஞ்ச நேரம்தான். நான் இன்னும் சாவியை எடுக்கவில்லை. இப்போதே போக வேண்டும். இதை மடித்துக் கையுறைப் பெட்டிக்குள்

தட்டுகிறார்கள்.

தெருக்கதவு இல்லை அக்கா. இந்தக் கதவு